கொலுசு இறுகினால் சொல்லுங்கள்: நோயாளியைக் கவனிப்பதும் பழக்கிவிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பெரியவர்களுக்கான மருத்துவ வார்டில் பல வருஷம், பிறகு ஏற்காடு மலையில் சில வருஷம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள், புதிதாக டியூட்டியில் சேர்ந்த தங்கைகள், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்கள் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது டாக்டர். அந்த மருந்து ஒழுங்காக உடம்புக்குள் போகிறதா, போய் என்ன செய்கிறது என்று பார்ப்பது நம் வேலை. பதில்கள் எல்லாம் அந்த வேலையைப் பற்றித்தான்.

நோயாளி வார்டுக்கு வந்ததும் முதலில் என்ன பார்க்கணும்? பி.பி.யா, சுகரா?

முதலில் ஆளைப் பாருங்கள். வாசலிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் பாதி தெரிந்துவிடும். நாலடிக்கு ஒருதரம் நிற்கிறாரா? கட்டிலில் சாய முடியாமல் முன்னால் குனிந்து, முட்டியில் கையை ஊன்றி உட்காருகிறாரா? பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் சொல்கிறாரா, நடுவில் மூச்சு வாங்குகிறாரா? நெற்றி வியர்வை, உதட்டின் நிறம், கூட வந்தவரின் முகம், இதெல்லாம் கருவி இல்லாமலே தெரிகிறவை.

அதற்கப்புறம் எண்கள். நாடி நிமிஷத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. இதில் மூச்சைத்தான் பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. ஒரு வார்டு முழுக்க எல்லா சார்ட்டிலும் 20 என்று இருந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த கையை விடாமல், இன்னும் நாடிதான் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைக்கும்படி, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக 1 நிமிஷம் எண்ணுங்கள். உடம்பு மோசமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் முதலில் கூடுவது மூச்சுதான். பி.பி. விழுவது கடைசியில். மூச்சு 18-லிருந்து 26 ஆனதைக் கவனித்த நர்ஸ், அந்த நோயாளிக்குச் சில மணி நேரம் சம்பாதித்துக் கொடுக்கிறாள்.

"நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். இ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு. எப்படித்தான் கேட்பது?

கேள்வியில்தான் கோளாறு. நம் மக்களுக்கு வலி என்றால் குத்துவது, வெட்டுவது, இடிப்பது. மாரடைப்பு நிறையப் பேருக்குக் குத்தாது, அழுத்தும். அதை அவர்கள் வலிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "நெஞ்சை அடைக்குதுங்க", "கல்லத் தூக்கி வெச்சாப்பல இருக்குது", "கரிக்குது", "வாயு புடிச்சிக்கிச்சு", "தாடை இழுக்குது" என்பார்கள். வாயு என்று அவர்களே பெயர் வைத்து, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து, ஒரு ராத்திரியையும் கழித்துவிட்டு வருவார்கள்.

"நெஞ்சுல என்ன பண்ணுதுங்க?" என்று திறந்து கேளுங்கள். பிறகு "எங்கன்னு கைய வெச்சுக் காட்டுங்க". ஒற்றை விரலால் ஒரு புள்ளியைக் காட்டுவதும், உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சு நடுவில் வைப்பதும் ஒன்றில்லை. எப்போது ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், கையிலோ முதுகிலோ தாடையிலோ பரவுகிறதா, வியர்த்ததா, வாந்தி வந்ததா, இதற்கு முன்னால் படியேறும்போது இப்படி வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாக. பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சில் ஒன்றுமே தெரியாமல் வெறும் மூச்சுத் திணறல், வியர்வை, தாங்க முடியாத அசதி மட்டும் வரலாம். மேல்வயிறு கரிக்கிறது, கூடவே வியர்க்கிறது என்றால் அது இதயமில்லை என்று தெரியும்வரை இதயம்தான். வந்து 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து டாக்டர் கண்ணில் காட்டியாக வேண்டும்.

மற்றச் சொற்களையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். "தலை சுத்துது" என்றால் வீடே சுற்றுகிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். இருட்டுகிறது என்றால் படுக்க வைத்து ஒரு பி.பி., எழுந்து நின்று 3 நிமிஷத்துக்குள் இன்னொரு பி.பி. மேல் எண் 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பி.பி. மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். "காலு மதமதன்னு இருக்குது" என்றால் சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கலாம். "படபடப்பு" இதயமாகவும் இருக்கும், சுகர் இறங்கியதாகவும் இருக்கும், மகள் கல்யாணக் கவலையாகவும் இருக்கும். நோயாளியின் வாய்ச்சொல்லை சார்ட்டில் மேற்கோள் குறிக்குள் எழுதும் பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

கால் வீக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லார் காலும் சாயங்காலம் கொஞ்சம் வீங்கத்தானே செய்யும்?

எனக்கு இதைப் பழக்கிவிட்டவர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு அம்மா. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். சுகர் பார்க்க வந்தவர், போகிறபோக்கில் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு சிஸ்டர், கழட்டுனதே இல்ல. ஒரு வாரமா இறுக்குது. காலைல தளந்துருது." கீழே உட்கார்ந்து கொலுசை மேலே தள்ளினேன். அடியில் அதன் கண்ணிகள் ஒவ்வொன்றும் தோலில் அச்சுக் குத்தியதுபோலப் பதிந்திருந்தன. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அந்தத் தடம் அப்படியே இருந்தது. கட்டை விரலால் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் 5 நொடி அழுத்தி எடுத்தேன், குழி நின்றது. "எத்தனை தலகாணிம்மா வெச்சுப் படுப்பீங்க?" "முன்ன ஒண்ணு. இப்ப மூணு. படுத்தா இருமலு வருது." இதயம் தளர்ந்திருந்தது. அவர் அதைச் சொல்ல வரவே இல்லை.

அன்றிலிருந்து சேலத்துப் பெண்களிடம் கொலுசு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் விட்டதில்லை. ஆண்களிடம் செருப்பு வாரும் மோதிரமும். இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் நினைக்க வேண்டும். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையாலும் வீங்கும், அதற்காக அவர்களாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, சூடாக இருந்தால் ரத்தக் கட்டி இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவோ நீவிவிடவோ கூடாது, அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

இதயத் தளர்ச்சி உள்ளவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில் முக்கியமானது எடை. தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரித் துணியோடு. 3 நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சு திணறும்வரை காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். வீட்டில் எடை மெஷின் இல்லாதவர்களுக்குக் கொலுசும் தலையணை எண்ணிக்கையும்தான் மெஷின். தண்ணி மாத்திரையை, அதாவது சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரையை, காலையில் போடச் சொல்லுங்கள். ராத்திரி போட்டால் தூக்கம் கெட்டு, இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து விழுவார்கள்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், தலையாட்டினார். அடுத்த மாசம் வந்தால் ஒன்றுமே செய்யவில்லை. ஏன்?

தலையாட்டுவது மரியாதை. புரிந்ததற்கு அடையாளம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், "புரியலைங்க" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் விசைத்தறியில் முப்பது வருஷம் நின்றவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு, காது. தறிச் சத்தம் மெல்ல மெல்லக் காதைத் தின்றிருக்கும். வார்டு இரைச்சலில் நீங்கள் சொன்னதில் பாதி அவருக்கு விழுந்தே இருக்காது. முகத்துக்கு நேராக உட்கார்ந்து, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். கண்ணாடி கொண்டு வந்தாரா என்று கேளுங்கள். ஊசியில் உள்ள கோடு தெரியாதவருக்கு ஊசியைப் பற்றி என்ன சொல்லியும் பயனில்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "நான் சரியா சொன்னனான்னு பாக்கணுங்க. வீட்டுக்குப் போனதும் உங்க மருமக 'சிஸ்டர் என்ன சொன்னாங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பரீட்சை உங்களுக்கு, அவருக்கில்லை என்று அவர் உணர வேண்டும். அவர் சொல்வதில் விட்டுப்போனதை மட்டும் மறுபடி சொல்லுங்கள், மறுபடி கேளுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விஷயம் போதும். டிஸ்சார்ஜ் அன்று காலையில் பத்து விஷயத்தைக் கொட்டுவதைவிட, சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஊசி போடும்போதும் ஒவ்வொன்றாகச் சொன்னால் அவை நிற்கும்.

இன்ஹேலர் கொடுத்தும் மூச்சிரைப்பு குறையவில்லை என்கிறார்கள். மருந்து பலமில்லையா?

மருந்தை மாற்றுவதற்கு முன், அவர் அதை எப்படி எடுக்கிறார் என்று கண்ணால் பாருங்கள்.

மலையில் ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளி அம்மா. விறகடுப்புப் புகையிலேயே ஆயுசு கழிந்தவர், ஏற்காட்டுக் குளிரில் நெஞ்சில் விசிலடிக்கும். மாத்திரைகளோடு சேர்த்து, உறிஞ்சும் பொடி கேப்சூலையும் அதை வைத்து உறிஞ்சும் கருவியையும் நானே கையில் கொடுத்தேன். வாயால் விளக்கினேன், செய்து பார்க்கச் சொல்லவில்லை. அன்று கூட்டம். மூன்று வாரம் கழித்து இன்னும் மோசமாக வந்தார். "கேப்சூல் ரெண்டு வேளையும் முழுங்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு. அந்தக் குழலு மட்டும் எதுக்குன்னு தெரியல, பேரன் வெச்சிருக்கான்." தவறு அந்த அம்மாவுடையது இல்லை, என்னுடையது. கேப்சூல் என்றால் முழுங்குவது என்று அறுபது வருஷ அனுபவம் அவருக்குச் சொல்லியிருந்தது. அதை மீறும்படி நான் எதையும் காட்டவில்லை.

இப்போது என் முன்னால் ஒரு கேப்சூலைப் போட்டு உறிஞ்சிக் காட்டாமல் யாரையும் அனுப்புவதில்லை. கேப்சூலைப் பொருத்தி, கருவியைத் திருப்பி, மூச்சைக் கருவிக்குள் விடாமல் வெளியே முழுக்க விட்டு, உதட்டை இறுக்கிப் பிடித்து, வேகமாக ஆழமாக உறிஞ்சி, 10 எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். அழுத்தும் பம்ப்பாக இருந்தால் நேர் எதிர்: குலுக்கி, மெதுவாக நீளமாக இழுக்க வேண்டும், ஸ்பேசர் (பம்ப்போடு பொருத்தி இழுக்கும் குடுவை) இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். மூச்சு முட்டும்போது மூக்கால் இழுத்து, விளக்கை ஊதி அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடப் பழக்குங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் விரைத்த விரல், நெயில் பாலிஷ், திக்கான மருதாணி இருந்தால் அது தப்பாகக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் பாருங்கள். புகையால் நுரையீரல் நாள்பட்டுக் கெட்டவர்களுக்கு (சி.ஓ.பி.டி.) ஆக்சிஜன் பொதுவாக 88 முதல் 92 சதவீதம் வரைதான் இலக்கு. 99 ஆக்குகிறேன் என்று ஆக்சிஜனை முழுக்கத் திறந்துவிடக் கூடாது.

வீட்டில் பி.பி. பார்த்தால் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று. எது சரி?

பார்த்த விதத்தைப் பொறுத்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி வந்து, உட்கார்ந்தவுடன் பார்த்தால் கூடத்தான் காட்டும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ பீடியோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, காலைக் குறுக்கே போடாமல் 5 நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில், பட்டை நேராகத் தோலின்மேல். பார்க்கும்போது பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி. வந்துவிடும். இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

பி.பி. நார்மல் ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

நார்மல் ஆனது மாத்திரையால். தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர்ந்து, வாங்கப் போக முடியாமல் விட்டேன் என்கிறவர்கள்தான் அதிகம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, சாயங்காலம் தட்டுவடை செட்டு என்று போனால் கணக்கு ஒப்பாது. "உப்பு குறைங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, அதில் ஒன்றை அவரையே விடச் சொல்லுங்கள்.

இன்சுலின் ஒழுங்காகப் போட்டும் சுகர் இறங்கவில்லை. எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு 40-க்கான சிரிஞ்ச், சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கு 100-க்கான சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி. கடையில் சிவப்பு இல்லை என்று ஆரஞ்சைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அப்புறம் சுகர் எப்படி இறங்கும்? தலைகீழாக, 100 குப்பியிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 இழுத்தால் போவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. படிக்கத் தெரியாதவருக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். காலியான பழைய சிரிஞ்சைக் கொடுத்து, "மூடி இதே நிறமா இருந்தா வாங்குங்க, இல்லாட்டி வாங்காதீங்க" என்று சொல்லுங்கள்.

அடுத்து வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டிபோல் தடித்திருக்கும். அங்கே வலிக்காது என்பதால் அங்கேயே போடுவார்கள், ஆனால் அங்கே மருந்து சரியாக ஊறாது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, தினம் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பால்போலக் கலங்கிய இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். தெளிவானதையும் கலங்கியதையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கச் சொல்லியிருந்தால் தெளிவானது முதலில்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது?

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஆகவே மாசத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்காமல் ஒவ்வொன்றாக வாங்கலாம், அல்லது ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டில் கொடுத்து வைக்கலாம். திறந்த குப்பியை வெயில் படாமல், சூடில்லாத இடத்தில் சுமார் 4 வாரம் வெளியே வைக்கலாம். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே என்றால் மண்பானைதான்: பெரிய பானையில் மணலும் தண்ணீரும், அதற்குள் சின்னச் சட்டி, சட்டிக்குள் டப்பாவில் குப்பி. மலையில் குளிர் உதவும், ஆனால் அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைத்துவிடுகிறார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது. ஃப்ரீசரில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

சுகர் திடீரென்று இறங்கினால் என்ன செய்வது?

70-க்குக் கீழே என்றால் இறக்கம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, காரணமில்லாத எரிச்சல், குழறிய பேச்சு. ராத்திரியில் கெட்ட கனவு, விடிந்தால் தலையணை நனைந்திருப்பது. விழிப்போடு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தரம், ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். மற்றவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் கூட இருப்பது அந்தப் பிள்ளைதான்.

எங்கள் ஊர் வேலைக்கும் சர்க்கரைக் காலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் ஈரத்திலேயே நிற்பவருக்கு விரலிடுக்கு ஊறி வெள்ளையாகித் தோல் கிழியும், அதுதான் கிருமிக்கு வாசல். மலைத் தோட்டத்தில் முள்ளும் அட்டையும். பட்டறையில் சூடான உலோகத் துண்டு. உணர்ச்சி இருப்பவர் "ஆ" என்று காலை எடுப்பார். உணர்ச்சி போனவருக்கு ரத்தக்கறை செருப்பில் தெரியும்போதுதான் தெரியும்.

செருப்பைக் கழற்றச் சொல்லாமல் சர்க்கரை நோயாளியைப் பார்த்ததாகக் கணக்கு எழுதாதீர்கள். பாதத்தின் அடி, குதிகால் வெடிப்பு, ஒவ்வொரு விரலிடுக்கு, நகம், பாதத்தின் மேல் நாடி, இரு பாதங்களின் சூடு. உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழை இருந்தால் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். வீட்டில் தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்தோ மகளிடம் காட்டியோ பார்க்கச் சொல்லுங்கள். காலைத் துடைத்து எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். செருப்பைப் போடுமுன் தட்டி, கைவிட்டுத் தடவ வேண்டும். மெத்தென்ற எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்பு நல்லது. கால் ஆணிக்குப் பிளேடு, கடைப் பிளாஸ்திரி எதுவும் வேண்டாம்.

ஆடியில் பூ மிதிக்க வேண்டுதல். சர்க்கரை இருக்கிறது. போகலாமா?

இதற்கு "கூடாது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன நர்ஸை அந்த நோயாளி மறுபடி தேடி வரமாட்டார். ஆடி மாசம் சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகை. நேர்ந்துகொண்டது பிள்ளைக்காகவோ புருஷனுக்காகவோ இருக்கும். "என்னத்துக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்று முதலில் கேளுங்கள். பிறகு அவர் பாதத்தைத் தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவர் வாயாலேயே வரும். அப்போது சொல்லுங்கள்: சுட்டாலும் தெரியாத காலோடு நெருப்பில் இறங்கினால் புண் ஆறாது, விரலோ பாதமோ போகலாம். பொங்கல் வைக்கலாம், மாவிளக்கு எடுக்கலாம், நல்ல கால் உள்ள மகன் அவருக்காக மிதிக்கலாம். மாற்று வழியைக் கோயில் பூசாரியிடமே கேட்கச் சொன்னதில் ஒரு அம்மா நிம்மதியாகத் திரும்பி வந்தார். விரதம் இருப்பதாக இருந்தால், சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் அன்று எப்படி எடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். மாத்திரை மட்டும் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது ஆபத்து.

மாம்பழம்? ஜவ்வரிசிக் கஞ்சி? களி?

மாம்பழ சீசனில் சேலத்துக்காரரிடம் மாம்பழமே தொடாதே என்றால் ஒளித்துச் சாப்பிடுவார். குண்டோ மல்கோவாவோ, சுகர் கட்டுக்குள் இருந்தால் ஓரிரு துண்டு, சாப்பாட்டோடு சேர்க்காமல், ஜூஸாக்காமல். உடம்பு சரியில்லை என்றதும் நம் வீடுகளில் கொடுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சிதான் எனக்குக் கவலை. அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, சுகரைச் சட்டென்று ஏற்றும். ராகிக் களி நல்லதுதான், ஆனால் இரண்டு உருண்டை களி இரண்டு உருண்டைதான், அளவு முக்கியம்.

நாட்டு மருந்து, கடையில் வாங்கும் வலி மாத்திரை பற்றிச் சொல்ல மறைக்கிறார்கள்.

திட்டுவோம் என்று மறைக்கிறார்கள். "ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் மாதிரி என்னென்ன எடுக்கறீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சுகர் மாத்திரையோடு சேர்ந்து சுகர் அதிகமாக இறங்கலாம் என்பதால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். வலி மாத்திரை இன்னும் முக்கியம். நாளெல்லாம் தறியில் நின்றவரும், தோட்டத்தில் கூடை சுமந்தவரும் முதுகு வலிக்கு மெடிக்கலில் வாங்கித் தினமும் போடுவார்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பி.பி.யை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பையைத் திறந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

குடிப்பழக்கத்தைப் பற்றி எப்படிக் கேட்பது?

மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி. "கடைசியா எப்ப குடிச்சீங்க, எவ்வளவு?" என்பது குற்றச்சாட்டாக இல்லாமல் கணக்காக இருக்க வேண்டும். வேறு எதற்கோ சேர்ந்தவர் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று சொன்னால் அது குடி நின்றதன் விளைவு. கட்டிப்போட்டுவிட்டுப் போகும் விஷயமில்லை, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அவசரம். முதல் நாளே கேட்டு எழுதியிருந்தால் எதிர்பார்த்து இருக்கலாம்.

மலையில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா. இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தொங்குகிறதா. பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் 108. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதற்குள் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, உள்ளே தள்ளியிருக்கும் மலைக் கிராமம் என்றால் அதற்கு முன்னால் ஜீப் பாதை வேறு. நாட்டு வைத்தியமென்று புறா ரத்தம் தேய்க்கப் போகும் நேரம் இந்த அவகாசத்திலிருந்துதான் கழியும். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதைக் கேட்டுக் கையிலேயே எழுதி அனுப்புங்கள். தூங்கி எழும்போதே இப்படி என்றால் படுக்கப் போன நேரம்தான் கணக்கு. தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். வார்டிலும் விழுங்க முடிகிறதா என்று சோதிக்கும்வரை அப்படியே. சோதிக்க: நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமினாலோ குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மாறினாலோ நிறுத்திவிடுங்கள். அதைச் சோதிக்காமல் ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிடப் பயமாக இருக்கிறது.

பயம் வருவது என்ன சொல்வது என்று தெரியாததால். போனை எடுக்குமுன் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, அவர் எதற்காகச் சேர்ந்தவர், நான் பார்த்த எண்கள் என்ன, டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். "சார், 6-ஆம் கட்டில் அப்பா, இதயத் தளர்ச்சி, ஒரு மணி நேரமா மூச்சு 28, சாய முடியல, ஆக்சிஜன் 88, சாயங்காலம் 95 இருந்தது. நீங்க வந்து பார்க்கணும்." இவ்வளவுதான். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கட்டாயம் செய்ய வேண்டியது எது?

மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டச் சொல்லுங்கள். காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று அவரே பிரிக்கட்டும். படிக்காதவரானால் ஒரு கவரில் சூரியனும் ஒரு கவரில் நிலாவும் வரைந்து, உள்ளே ஒரு மாத்திரையை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறம் மாறும் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய வெள்ளையும் புதிய மஞ்சளும் சேர்த்து இரட்டிப்பாகப் போடுவார்கள். எந்த அறிகுறிக்கு மறுநாள் வரலாம், எதற்கு உடனே வர வேண்டும் என்று இரண்டே வரி. சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108, இரண்டையும் அவர் போனில் அங்கேயே பதிந்து, ஒருமுறை அவரையே தேடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கொலுசு அம்மா கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "தலகாணி ரெண்டானா வரணும், கொலுசு இறுகுனா வரணும், உப்பு ஊறுகா தொடக்கூடாது. சரிங்களா சிஸ்டர்?" மூன்றும் சரி. அதற்கப்புறம்தான் கையெழுத்து வாங்கினேன்.